பல் வைத்தியரும் நோயாளர் மொழியும்

மருத்துவ நூலின் ஓர் ஏடேனும் புரட்டியறியாத தமிழ் மாணவன் ஒருவன் பல் வைத்தியத்தைப் பற்றி எழுதப் புகுவது நகைப்பிற்கிடமாகும் என்பதை யான் அறியாதவனல்லன். நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் காப்பியச் சுவையோ இலக்கண ஆராய்ச்சியோ காண விழையும் அன்பர்கள் முகஞ் சுளிக்கவுங் கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள்க. ஒரு சொல்லின் பொருள் விளங்காமற் போனமையால் ஒரு மூதாட்டியின் பல் போயிற்று. அச்சொல்லின் பொருளை நன்கறிந்த ஒருவன் அவ்வேளையில் அருகிலேயே நின்றான், நின்று சிரித்தான். அவன் யானே. ஆதலின் இதனை எழுதும் கடப்பாடு எனக்கு உண்டு.

அடையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தையடுத்து, பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடபால், ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் உளது. பிரம்மஞான சபையின் பெருந்தோட்டம் அதற்கு அண்மையது. அச்சபையை நிறுவியோருள் ஒருவரும் 1907-ஆம் ஆண்டில் மறைந்தவருமாகிய கர்னல் ஒல்காட்டின் பெயரே ஊர்ப் பெயரில் நிலைத்துவிட்டது. எங்கள் இல்லத்திற்கு மீன் கொண்டுவரும் ஆயா அவ்வூரினர். யான் தொட்டிற் குழந்தையாயிருந்த நாள்தொட்டு எங்கள் வாயிலில் கூடையை இறக்குபவர். இம்மலரில் அவர்தம் பெயரை எழுதலாமோ என்று வினவியபோது, “பேரெல்லாம் எதுக்குக் கண்ணு? மீன்காரின்னு போடு, போதும்” என்றார். ஆதலின் ஆயா என்றே குறிக்கின்றேன்.

சென்ற ஆண்டு அக்குப்பத்தில் பல் மருத்துவ முகாம் ஒன்று நடைபெற்றது. எந்நிலையத்தார் நடத்தினர் என்பது ஈண்டு வேண்டாத செய்தி. பெயர்களைப் பதிந்து வரிசையாக அமர்த்துதற்கு மாணவர் சிலர் தேவைப்பட்டமையால் யானும் சென்றிருந்தேன். நோயாளரைப் பார்த்தவர்களுள் ஒருவர் வடநாட்டிலிருந்து இங்கு வந்து பல் மருத்துவம் பயின்று, பயிற்சி ஆண்டில் இருந்த இளம்பெண். பிறர் ஒரு தமிழ் மாணவரை அருகில் வைத்துக்கொண்டு வினவ, இவர் மட்டும் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டு தாமே தமிழ் கற்றுத் தாமே பேச முயன்றார். அது கண்டு எனக்கு மகிழ்ச்சியே. ஆயா சென்று நாற்காலியில் அமர்ந்தார்.

“வலி இருக்கிறதா, பாட்டி?”

“வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. தண்ணி பட்டா கூசுது.”

அம்மருத்துவப் பெண் ஒரு கணம் நினைவைத் துழாவினார். பின்னர் மிக்க பரிவோடு, “கூச்சப்பட வேண்டாம், பாட்டி. நான் டாக்டர்தானே” என்றார்.

கூடி நின்றார் அனைவரும் கொல்லென்று சிரித்தனர். ஆயாவோ எல்லாரினும் மிகுதியாகச் சிரித்தார். “எனக்கா கூச்சம்? இந்தக் கரையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றார். மருத்துவப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. அவர் அவசரமாகப் பற்களைப் பார்த்து, தாளில் ‘வலி இல்லை’ என்று குறித்து, ஒரு பற்பசையும் தூரிகையும் கொடுத்து அனுப்பினார். அடுத்தவர் வந்து அமர்ந்தார். யான் அன்று மாலை இதனை இல்லத்திலும், மறுநாள் விடுதியிலும் நகைச்சுவையாக எடுத்துரைத்தேன். கேட்டாரெல்லாம் நகைத்தனர். கூச்சம் என்னும் ஒரு சொல் நாணத்தையும், உடலில் விரல் படுங்கால் எழும் கிளர்ச்சியையும், பல்லிற் குளிர் படுங்கால் எழும் துன்பத்தையும் ஒருங்கே குறிப்பதன் அழகைக் குறித்து யான் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். ஆயாவிற்கு உண்மையில் என்ன நோய் என்று வினவ எனக்குத் தோன்றவில்லை.

நான்கு திங்கள் சென்றபின் ஒரு நாள் ஆயா கன்னம் வீங்கி வந்தார். “ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது கண்ணு, படுத்தா இன்னும் சாஸ்தியாவுது” என்றார். கிராம்பு வைத்திருந்தார், உப்புநீர் கொப்பளித்திருந்தார், அக்கம்பக்கத்தார் சொன்ன யாவும் செய்திருந்தார். ஈற்றில் வேறோரிடத்திற் சென்று அந்தக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்கு எதிர்ப்புறத்தில் முன்னரே இரண்டு பற்கள் இல்லை. இப்போது அவர் எதனை உண்டாலும் முன்பற்களால் முயல் கொறிப்பதுபோலக் கொறிக்க வேண்டியிருக்கின்றது. “போனது பல்லுதானே” என்கின்றார் அவர். அவருக்கு அஃது எளிது போலும், எனக்கு அவ்வாறில்லை.

அதன் பின்னரே யான் பல்லின் அமைப்பைப் பற்றிச் சிறிது படித்தறிந்தேன். பல்லின் மேற்புறம் கடினமான மிளிரிப் பூச்சு, அதனுள் பற்றந்தம், அதன் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ். சொத்தை மேற்பூச்சைக் கடந்து உட்சென்று, கூழை அணுகும் நிலையில், குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டவுடன் சுருக்கென்று கூசும். அப்பொருள் நீங்கியவுடன் கூச்சமும் நீங்கும். அந்நிலையிற் பழுதை அகற்றி அடைத்துவிட்டால் பல் பிழைத்துக்கொள்ளும். கூழ் முற்றும் அழன்றுவிட்டாலோ, குளிர் நீங்கிய பின்னரும் வலி நின்று நீடிக்கும். காரணமின்றித் தானே எழும். இரவிற் படுத்தவுடன் மிகும். அப்போது வேருள் இருக்கும் கூழைக் களைந்து நிரப்ப வேண்டும். அன்றேற் பல்லையே களைய வேண்டும். இரு பற்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் தோன்றும் சொத்தையோ கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. எக்ஸ்ரே படம் குழியைக் காட்டுமேயன்றி நோயாளர் உறும் உணர்வைக் காட்டாது. ஆகவே, பல்லைக் காப்பதா களைவதா என்னும் முடிவிற்கு வைத்தியர் பெரிதும் நம்பியிருப்பது நோயாளர் வாயிலிருந்து வரும் சொல்லையே. ‘கூசுது’ என்பது ஒரு நிலை. ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பது மற்றொரு நிலை. ஆயா முதல் நிலையிலேயே வந்து, அதற்குரிய சொல்லைச் சரியாகவே சொன்னார். ‘வலி உண்டா, இல்லையா’ என்று மட்டும் வினவத் தெரிந்த செவியில் அச்சொல் ஏறவில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளனை முதற்கண் வைத்து, மருத்துவனை அவன்பின் நிறுத்துகின்றது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், நோயாளனுக்கு வேண்டுவனவற்றை எண்ணுங்கால், தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மையையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டார். இவ்வுரையை வகுப்பிற் கேட்டபோது அஃது எனக்கு வெறும் பகுப்பாகவே தோன்றிற்று. இப்போது அதன்பால் ஓர் ஐயம் எழுகின்றது. உணர்த்தும் வன்மை நோயாளனுக்கு இருந்து, உணரும் செவி மருத்துவனுக்கு இல்லையாயின் என் செய்வது? மருத்துவனுக்குரிய கூறுகளுள் இதனையுஞ் சேர்த்து எண்ணினால் தவறாகுமோ? பெரியாரது உரையைக் குறைகூற யான் துணியேன். அவர் காலத்து நோயாளனும் மருத்துவனும் ஒரே மொழியினராயிருந்தமையின் அது வேண்டப்படாதிருக்கலாம்.

எம் குப்பத்தார்க்கு (எம் என்று உரிமையோடு எழுதிவிட்டேன், ஆயா பொறுத்துக்கொள்வார்) உணர்த்தும் வன்மையில் யாதொரு குறையுமில்லை. கடலின் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே செல்லின் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வரின் வன்னி என்றும் அவர்கள் வேறு பிரித்து வழங்குவர். நகரத்தாராகிய நமக்கு இரண்டும் கடல்நீரே. இத்துணை நுட்பமாகப் பெயரிடப் பழகியோர் தம் வாயினுள் எழும் நோவை மட்டும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடுவரோ? யான் அதன்பின் பல நாள் மாலையில் அங்குச் சென்று, வலை பின்னுவோரிடமும் மீன் காய வைப்போரிடமும் பல்நோயைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சுருக்கு சுருக்கென்கிறது, குடைகிறது, குத்துகிறது, இழுக்கிறது, தெறிக்கிறது, கடுக்கிறது, எரிகிறது, மரத்துப் போகிறது, கடித்தால் மட்டும் வலிக்கிறது, கடித்துவிட்டு எடுத்தால் வலிக்கிறது. இவற்றுள் ஈற்றயலும் ஈறும் ஒன்றென்றே யான் எண்ணி ஒன்றை அடித்துவிட இருந்தேன். பல் மருத்துவ மாணவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் தடுத்து, கடித்ததை விடும்போது சுரீரென வலிப்பது பல்லில் நுண்ணிய பிளவு இருத்தற்கு அறிகுறியாகலாம் என்றார். 

அவற்றுள்ளும் ‘எரிகிறது’ என்னும் சொல்லைப் பற்றித் தனியே சில கூற வேண்டும். “காரம் தாங்கல, வாயெல்லாம் எரியுது” என்று ஒருவர் சொன்னால், மொழியறியாதார் அவர் உணவைக் குறைகூறுவதாகக் கருதிவிடுதல் கூடும். பாக்கை இடையறாது மெல்லுவோர்க்கு வாயின் உட்புறத் தோல் நாளடைவில் நார்போல் இறுகி, வாயைத் திறத்தலே அரிதாகும் நோய் ஒன்று உண்டு. அது பின்னர்ப் புற்றாக மாறுதலும் உண்டு. அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று இந்த எரிச்சலே. அச்சொல்லை உணர்ந்த வைத்தியர் உடனே பாக்குப் பழக்கத்தைப் பற்றி வினவுவார். உணராதவர் காரத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார்.

இனி, என் தமிழ்ப் புலமை பட்ட பாட்டையும் மறைக்காது கூறுவேன். தொண்டு செய்யும் ஆர்வத்தால் யான் முதலில் ஓர் அட்டவணை வரைந்தேன். ‘உமிழ்க’, ‘ஈறுகளில் குருதி கசிகின்றதா?’, ‘மெல்லுங்கால் நோவுண்டாகின்றதா?’ என்றிவ்வாறு வாக்கியங்கள் அமைத்து, அவற்றிற்கு ஆங்கிலமும் எழுதி அந்த மருத்துவப் பெண்ணிற்கு அனுப்புவதாக இருந்தேன். (அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியபோது, அவர் சினங் கொள்ளாது, ‘இன்னும் சொற்கள் அனுப்புங்கள்’ என்றே விடை எழுதியிருந்தார்.) நல்வினையாக, அனுப்புமுன் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். “இது யாரு பாஷை கண்ணு? சர்ச்சுல படிக்கிறதா?” என்றார். வேதாகமத் தமிழில் ஊறி வளர்ந்த எனக்கு அது சரியான அடியே. எச்சில் துப்பு என்பதே அவர்தம் வழக்கு; குருதி என்பது எவர் வாயிலும் இல்லை; ஈறு என்று யான் எழுதியதற்கு அவர் ‘எகிறு’ என்றார். கொச்சை என்று மனத்துள் இகழ்ந்தவாறே அகராதியைப் புரட்டினேன். பல்லையும் ஈற்றையும் குறிக்கும் எயிறு என்னும் பழஞ்சொல்லின் திரிபே அது. சங்கப் பாடல்களில் எயிறு வருமிடங்களை வரிசையாக ஒப்பிக்க வல்ல யான், அச்சொல் எங்கள் வாயிலிலேயே மீன்கூடையோடு வந்து பத்தொன்பது ஆண்டாக நின்றதை அறிந்திலேன்!

ஆதலின் வைத்தியர்க்குக் கற்பிக்க வேண்டிய தமிழ் நாம் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் தமிழன்று, கேட்கும் தமிழ். அதிலும் சில இடுக்குகள் உள. பல் ‘ஆடுகிறது’ என்றால் அயலார்க்குக் கூத்தும் நினைவிற்கு வரும், ஆட்டுக்குட்டியும் நினைவிற்கு வரும். ‘பூச்சிப் பல்’ என்றால் பல்லில் உண்மையாகவே பூச்சி உளதென்று பொருளன்று. சொத்தை என்பதே கருத்து. இவையெல்லாம் நகைப்பிற்குரியன, ஆனால் ஒன்று நகைப்பிற்குரியதன்று. பல்லைக் களைந்தபின் அக்குழியில் இரத்தம் உறைந்து நிற்றல் வேண்டும். பஞ்சை அரைமணி நேரம் கடித்திருக்க வேண்டும். அன்று முழுதும் துப்புதலும் கொப்பளித்தலும் ஆகா. உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டு, பல்வலியினும் கொடிய வலி உண்டாகும். தமிழிலோ எதிர்மறை வினையினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ‘துப்புங்க’ என்பதற்கும் ‘துப்பாதீங்க’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, எதிர்மறைக்குத் தனிச்சொல் வைத்துப் பழகிய செவிக்கும் நாவிற்கும் மிகச் சிறிது. சிகிச்சையின் இடையே பத்து முறை ‘துப்புங்க’ என்று சொல்லிப் பழகிய நா, முடிவில் ‘துப்பாதீங்க’ என்று சொல்ல வேண்டியவிடத்தும் தடுமாறும். எனவே அந்த எதிர்மறையை விடுத்து, ‘எச்சிலை முழுங்கிடுங்க’ என்று உடன்பாட்டாற் கூறுமாறு எழுதி அனுப்பினேன். என் இலக்கணப் படிப்பு இதுகாறும் உலகிற்குச் செய்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்.

மொழி வேறுபாட்டால் நேரும் இவ்விடர் நம் நகர்க்கே உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இல்லத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர் நான்கு கோடிக்கு மேற்பட்டவர். அதனால் அங்குப் பல் மருத்துவம் பயிலும் மாணவர் பலர் அம்மொழியின் அடிப்படைச் சொற்களைக் கற்கின்றனர். பல்லிற்கு அம்மொழியில் ‘தியெந்தே’ என்பது பெயர். ஆயினும் கடைவாய்ப்பல்லை அம்மக்கள் ‘முவேலா’ என்று வேறு பெயரால் வழங்குவர். அச்சொல்லிற்கு எந்திரக்கல் என்றும் பொருள் உண்டு. அரைப்பது கல்லாயினும் பல்லாயினும் அவர்க்கு ஒன்றே. முதற்சொல்லை மட்டும் கற்ற வைத்தியர், ‘என் முவேலா வலிக்கிறது’ என்று வருவாரிடம் விழிக்க நேரும். கடைவாய்ப்பற்களுள் ஈற்றில் முளைப்பதை நாம் ஞானப்பல் என்பதுபோல அவர்களும் அறிவோடு இயைத்தே பெயரிட்டுள்ளனர் என்று அறிந்தபோது, எங்கோ இருக்கும் அம்மக்கள் எனக்கு அயலாராகத் தோன்றவில்லை.

அந்நாட்டிலேயே நிகழ்ந்த துயரமொன்றை மருத்துவ மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பலரும் எடுத்துக்காட்டுவர். 1980-ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் உணர்விழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொணரப்பட்டார். கியூபாவினராகிய அவர்தம் குடும்பத்தார் ‘இந்தோக்சிகாதோ’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லினர். உண்டதொரு பொருள் ஒவ்வாது நோயுற்றார் என்பதே அவர்தம் வழக்கில் அதன் பொருள். ஆங்கிலத்தில் அதனையொத்து ஒலிக்கும் சொல்லோ போதையைக் குறிப்பது. மருத்துவர் போதைப் பொருளை மிகுதியாக உட்கொண்டார் என்றே கருதிச் சிகிச்சை செய்தனர். உண்மையில் அவர்க்கு மூளையில் இரத்தக் கசிவு. அஃது அறியப்படுமுன் காலம் கடந்தது. அவ்விளைஞர் கைகால்கள் நான்கும் செயலிழந்தார். வழக்கின் முடிவில் 7 கோடியே 10 இலட்சம் டாலர் அளவிற்கு ஈடு பேசப்பட்டது.

இதனை யான் எடுத்தெழுதுவது, சிறிது கற்றார்க்குள்ள இடரையும் மறைக்கலாகாது என்பதற்காகவே. அங்கு எவரும் ‘எங்களுக்குப் புரியவில்லை’ என்று எண்ணவில்லை, புரிந்ததாகவே எண்ணினர். கூச்சத்தை நாணம் என்று கொண்ட நம் மருத்துவப் பெண்ணும் அவ்வாறே. ஆகவே முதற்கண் கற்பிக்க வேண்டிய வாக்கியம் ‘வாயைத் திறங்க’ என்பதன்று. ‘எனக்குப் புரியல, வேற மாதிரி சொல்லுங்க’ என்பதையும், ‘எப்ப? எவ்வளவு நேரம்? என்ன பட்டா?’ என்பவற்றையுமே முதலிற் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அன்று அப்பெண் ‘என்ன பட்டா?’ என்று ஒரு வினா வினவியிருப்பின் ஆயாவின் பல் இன்றும் இருந்திருக்கும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இரத்தம் உறையாமைக்கு உட்கொள்ளும் மாத்திரை ஆகியவை பற்றிய வினாக்களுக்கோ அரைகுறை மொழி போதாது. அங்குத் தமிழ் நன்கறிந்த ஒருவர் உடனிருந்தே தீரவேண்டும்.

நோயாளர் மொழியில் மருத்துவம் என்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1847-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் அமர்ந்து மருத்துவசாலை நடத்தினார். தமிழை நன்கு கற்றார். அவரிடம் ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்ற மாணவர், பயின்றவுடன் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்தார்க்கு அவர் கற்பித்த வித்தை எட்டவில்லை. இது கண்டு 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அதற்கு நூல்கள் வேண்டுமே! 1867-இல் ‘இரணவைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனப் பெருநூல்கள் பல அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டுமிடத்துத் தமிழிலுள்ள சொல்லை முதலிலும், அஃதின்றேல் வடசொல்லையும், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திலும் கொள்வது என ஒழுங்கு வகுத்துக்கொண்டார். அறுபதின்மருக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றினார். 1884-ஆம் ஆண்டில் தம் நாட்டிற் காலமான அவர், கல்லறைக் கல்லொன்று நாட்டப்படுமாயின் தம்மைத் தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்று அதில் பொறிக்குமாறு விரும்பியவர்.

அங்காதிபாதம் என்று இன்று எவரும் வழங்குவதில்லை. உடற்கூற்றியல் என்பதே வழக்கு. கிறீனின் நூல்களை இன்று நூலகத்தில் எடுத்துப் படிப்போர் நம்மனைய ஆராய்ச்சி விருப்பினரே. எனினும், தமிழே தாய்மொழியாகவுடைய மாணவர்க்குத் தமிழில் நோயாளரொடு உரையாடுதற்குரிய மருத்துவத்தைக் கற்பிக்க அயல்நாட்டார் ஒருவர் இத்துணை உழைத்தார் என்பதை நாம் மறந்துவிட்டு, இன்று ஆங்கிலத்திலேயே பயின்ற தமிழ்ப் பல் மருத்துவரும் நோயாளரிடம் ‘சென்சிட்டிவிட்டி இருக்கா?’ என்று வினவுவதைக் காண்கின்றோம். வடநாட்டுப் பெண்ணையே யான் குறைகூறி வருவதாக அன்பர்கள் எண்ணலாகாது. அவர் தவறியது கற்க முயன்றதனால். முயலாதார் தவறுவதுமில்லை, அவர் முன் அமர்வோர் வாய் திறந்து சொல்வதுமில்லை.

அருகில் ஒருவரை மொழிபெயர்ப்பிற்கு வைத்துக்கொண்டாற் போதாதா, கைப்பேசியே மொழிபெயர்த்துவிடுமே என்பர் சிலர். கைப்பேசியிடம் ஆயாவின் வாக்கியத்தை யானே சொல்லிப் பார்த்தேன். அது கொடுத்த மொழிபெயர்ப்பை ஈண்டு எழுதின் இம்மலரின் தகுதிக்குப் பொருந்தாது. அன்றியும், பல் வைத்தியத்திற்கு ஒரு தனி இயல்பு உண்டு. பிற நோயாளர் சிகிச்சையின் இடையிலும் பேசலாம். இங்கு நோயாளர் வாய்தான் சிகிச்சை நடக்கும் இடம். வைத்தியரின் இரு கைகளும் அதனுள் இருக்கும். ‘வலிச்சா இடது கையைத் தூக்குங்க’ என்று முன்னரே சொல்லிவைக்கும் வாக்கியமே அவர்க்குள்ள ஒரே நா. மொழிபெயர்ப்போரைப் பற்றியோவெனின், முகாமில் அப்பணியைச் செய்தவர் பெரும்பாலும் நோயாளரின் மகனோ மருமகளோ ஆவர். ஆயா புகையிலை அடக்கும் வழக்கமுடையவர். அதனைத் தம் மகன் கேட்க அவர் ஒருநாளும் சொல்லார்; என்னிடம் சொன்னதே யான் கேட்டதனாலன்று, என் கண்ணில் பட்டுவிட்டதனால்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இளநிலை இடங்களுள் நூற்றுக்கு 15 அனைத்திந்திய ஒதுக்கீட்டைச் சார்ந்தவை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாக 1953-ஆம் ஆண்டில் தோன்றி வளர்ந்த நம் நகரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் அவ்வாறு பல மாநிலத்தார் வருகின்றனர். அது நன்றே. எம்.பி.பி.எஸ். மாணவர்க்கு 2019-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தொடக்கப் பயிற்சியில் அவ்விடத்து மொழியைக் கற்றற்கும் இடம் அளிக்கப்பட்டுள்ளது. பல் மருத்துவ மாணவர்க்கும் அத்தகைய பயிற்சி, பெயரளவிலன்றி, நோயாளரைத் தொடுமுன் கட்டாயமாகக் கிடைத்தல் வேண்டும். கற்பிப்போர் யார்? மருத்துவக் கல்லூரிகளில் தமிழாசிரியர் இரார். நம்மைப்போன்ற தமிழ் மாணவர் நகரெங்கும் இருக்கின்றோம். தேர்விற்குப்பின் வேலை கிட்டுமோ என்று ஏங்கிக்கொண்டு இருக்கின்றோம். வாரம் இரண்டு மணி நேரம் நம்மால் இயலாதா?

கூறியது ஒன்று, அதனோடு கூற வேண்டியது மற்றொன்று. இது சில நண்பர்க்கு உவப்பாயிராது. அதே முகாமிற்கு, அருகே கட்டட வேலை செய்யும் பீகாரத்தார் இருவரும் வந்திருந்தனர். தமிழ் மருத்துவ மாணவர் ஒருவர் அவர்களிடம் தமிழிலேயே, சற்று உரத்த குரலில், வினவிக்கொண்டிருந்தார். உரத்துச் சொன்னால் விளங்கும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை போலும்! அவர்களை அழைத்துச் சென்று அமர்த்தி, அவர்தம் குறையைக் கேட்டு எழுதியவர் நம் வடநாட்டு மருத்துவப் பெண்ணே. அயலார் நம் மொழியிற் சில சொல் கற்க வேண்டும் என்று கேட்கும் நாம், நம் ஊரில் உழைக்க வந்தோர் பல்வலியால் வாடுங்கால் அவர்தம் மொழியில் ‘எங்கே வலி?’ என்று வினவக் கற்பதால் தமிழிற்கு யாதொரு தாழ்வும் வாராது. மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. நாற்காலியில் அமர்ந்த ஒருவரது வாயைத் திறக்கச் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவோரொடு எனக்கு வழக்கில்லை; அவர்க்குப் பல்வலி வந்ததில்லை என்றே கொள்கின்றேன்.

இப்போது எங்கள் குறிப்பேடு நூற்றிருபது சொற்களையும் முப்பது வாக்கியங்களையும் உடையது. ஒருபுறம் குப்பத்து வழக்கு, எதிரே அதன் பொருள், அதன்கீழ் வைத்தியர் அடுத்து வினவத்தக்க வினா. வகுப்புத் தோழர் இருவர் உடன் உழைக்கின்றனர். மருத்துவப் பெண் தம் படியில் ஒவ்வொரு சொல்லையும் நாகரி எழுத்தில் எழுதிக்கொள்கின்றார். அவர்தம் ‘ழ’கரம் இன்னும் கைகூடவில்லை, எனினும் குப்பத்தில் அஃது எவர்க்கும் கைகூடாதாகையால் கேடில்லை. முதற்பக்கத்தில் அவரே தம் கையால் ‘கூசுது’ என்று பெரிதாக எழுதி அதன்கீழ் இருமுறை கோடிட்டிருக்கின்றார். குழந்தைகள் பல்நோயைச் சொல்லும் மொழிக்கென விட்ட நான்கு பக்கங்கள் வெறுமையாகவே உள்ளன. குழந்தைகள் கேட்டால் சொல்வதில்லை, ஓடிவிடுகின்றனர். தேர்வு முடிந்த மறு சனிக்கிழமை மாலை மீண்டும் செல்கின்றோம். உடன்வர விழையும் நண்பர்கள் தமிழ் மன்றச் செயலரிடம் பெயர் கொடுக்கலாம். ஆயா படகுகளின் அருகில் இருப்பார்.